வாஷிங்டனாரின் பற்கள்

பெரியோர் வாழ்க்கையை வரையப் புகுவோர் அவர்தம் வீரத்தையும் மதியூகத்தையும் பொறுமையையும் விரித்துரைப்பரேயன்றி, அவர் வாயினுள் நோக்குவாரல்லர். அவ்வாறு நோக்குதல் தகாத செயலென்று கருதப்படுவதும் இயல்பே. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் ஜனாதிபதியாய் விளங்கிய ஜார்ஜ் வாஷிங்டனது வரலாற்றை அவர் பற்களின் வழியே ஒருமுறை தொடர்ந்து செல்வோமாயின், போர்க்களத்தையும் அரசவையையும் மாத்திரமே நோக்குவோர் காணாத சிலவற்றைக் காண்போம். அவற்றுட் பல நம் இரக்கத்திற்கு உரியவை. ஒன்று நம் மனத்தை உறுத்துவது. இரண்டையும் மறையாது எழுதுவதே நம் கருத்து.

வாஷிங்டனைப்பற்றிப் பள்ளிப் பருவத்தில் நாம் முதன்முதற் கேட்பது செர்ரி மரக் கதையாகும். சிறுவன் ஜார்ஜ் கோடரியால் தந்தையின் மரத்தை வெட்டினான் என்றும், பொய் சொல்லலாற்றாது உண்மையை ஒப்புக்கொண்டான் என்றும் ஆசிரியர் நமக்குக் கூறினர். அக்கதை வீம்ஸ் என்னும் குருவானவர் தாம் எழுதிய வாஷிங்டன் சரித்திரத்தில், 1806-ஆம் ஆண்டுப் பதிப்பிற் புதிதாகச் சேர்த்த கற்பனை. மெய்யுரைத்தலைப் போதிக்கப் பொய்க்கதை புனைந்தது வேடிக்கையன்றோ! இதனை ஒப்ப மற்றொரு கதையும் அமெரிக்க நாட்டில் வழங்குகின்றது. வாஷிங்டன் மரத்தாற் செய்த பொய்ப்பற்கள் அணிந்திருந்தார் என்பதே அது. அவர் பொய்ப்பல் அணிந்தது மெய். மரப்பல் அணிந்தது மெய்யன்று. பின் எவற்றாலாயவை அப்பற்கள் என்னும் வினாவிற்கு விடை மரத்தினும் வியப்புடையது, மரத்தினும் கசப்புடையதுமாம்.

வாஷிங்டன் 1732-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22-ஆம் நாள் வர்ஜீனியாவிற் பிறந்தார். பதினோராம் வயதில் தந்தையை இழந்தார். நில அளவைத் தொழில் கற்றுக் காடு மலைகளில் திரிந்தார். 1751-இல் பார்படோஸ் தீவிற்குச் சென்றபோது அம்மை நோய் கண்டு பிழைத்தார். பின்னர்ப் பிரெஞ்சுக்காரரோடு எல்லையில் நிகழ்ந்த போரில் வர்ஜீனியப் படைக்குத் தலைமை பூண்டார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், குதிரையேற்றத்திற் குன்றாத திறமும் வாய்ந்த கட்டிளங்காளை அவர். அத்தகையார்க்கு 1756-இல், அஃதாவது 24-ஆம் வயதிலேயே, முதற்பல் பிடுங்கப்பட்டது. பிடுங்கிய வாட்சன் என்னும் வைத்தியருக்கு 5 ஷில்லிங் கொடுத்ததாகத் தம் கணக்கிற் குறித்துள்ளார். செலவினங்களை ஒன்றுவிடாது எழுதிவைக்கும் வழக்கம் அவர்க்கு இருந்தமையால், ஒரு பல்லின் பிரிவும் இருநூற்றெழுபது ஆண்டுகளாகியும் நமக்குத் தெரியவருகின்றது. அன்று தொடங்கி ஒவ்வோராண்டும் ஒன்றோ இரண்டோ அவரை விட்டுப் பிரிந்தவண்ணமே இருந்தன.

இதனை அவரது அசிரத்தையால் விளைந்த கேடென்று எண்ணலாகாது. பல் துலக்கும் தூரிகைகளையும் பற்பொடிகளையும் அவர் இலண்டன் நகரினின்று வரவழைத்துப் பயன்படுத்தி வந்தார். அக்காலத்தார் பலரினும் அவர் வாயைத் தூய்மையாகவே வைத்திருந்தார். வாலிபத்தில் வால்நட் கொட்டைகளைப் பல்லாற் கடித்து உடைத்ததே காரணமென்று அவர் தம்மிடம் கூறியதாக, அவர்க்குப்பின் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் பிற்காலத்தில் உரைத்தார். சுரமும் அம்மையும் கண்டபோது அந்நாள் வைத்தியர் வழங்கிய பாதரச மருந்துகள் ஈற்றைக் கெடுத்துப் பற்களை ஆட்டங்காணச் செய்திருக்கலாமென்று இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். பல்லைக் கெடுத்தது கொட்டையோ மருந்தோ, கெட்ட பல்லைக் காக்கும் வழி அக்காலத்திற் பெரிதும் இல்லை. இன்று நமக்குச் சொத்தைப்பல் வந்தால், சொத்தையைச் சுரண்டி அடைப்பர். வேர்வரை நோய் பரவினும் வேரைச் சுத்திசெய்து மேலே உறை மாட்டுவர். பல்லே போயினும் தாடையெலும்பில் டைட்டானிய ஆணியை ஊன்றி அதன்மேற் புதுப்பல் நாட்டுவர். அன்றோ குறடு ஒன்றே கருவி. பிடுங்குதல் ஒன்றே சிகிச்சை. நோவை மறக்கச் செய்யும் ஈதரும் பிற வாயுக்களும் 1840-க்குப் பின்னரே பல் வைத்தியத்தில் வந்தன. முதற் பல் வைத்தியக் கல்லூரி பால்டிமோர் நகரில் தோன்றியதும் 1840-ஆம் ஆண்டிலேதான்.

ஆகவே அந்நாளிற் பல் கட்டியவர் யாரெனின், பெரும்பாலும் தந்தம் கடைவோரும் பொன், வெள்ளித் தொழிலாளருமே. பாஸ்டன் நகரத்து வெள்ளித் தட்டாரும் தேசபக்தருமாகிய பால் ரிவியர் என்பவரும் இத்தொழிலைச் செய்துவந்தார். 1775-இல் பங்கர் குன்றுப் போரில் மாண்ட ஜோசப் வாரன் என்னும் தலைவரது உடலை அடுத்த ஆண்டில் தோண்டியெடுத்தபோது, முகம் சிதைந்திருந்த அவ்வுடலைத் தாம் கம்பியிட்டுக் கட்டிய பல்லைக் கொண்டே ரிவியர் அடையாளங் கண்டார். ரிவியர்க்கு அத்தொழிலைக் கற்பித்தவர் இங்கிலாந்தினின்று வந்த ஜான் பேக்கர். அந்தப் பேக்கரே வாஷிங்டனுக்கும் முதற் பல் கட்டியவர். எஞ்சிய சொந்தப் பற்களோடு தந்தப் பற்களைக் கம்பியாற் பிணித்து அவர் அளித்தார்.

சுதந்திரப் போரில் வாஷிங்டன் சேனாதிபதியாய் நின்ற எட்டாண்டும் இக்கம்பிகள் அவரோடு பாசறை தோறும் சென்றன. கம்பி தளர்ந்தால் அதனை முறுக்கும் சிறு குறடு வேண்டும். கறை படிந்தால் சுரண்டும் கருவி வேண்டும். 1781-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பிலடெல்பியாவிலிருந்த பேக்கருக்கு அவர் ஒரு கடிதம் வரைந்தார். கம்பியை இறுக்கும் குறட்டைக் குறித்து நினைவூட்டி, பற்களைச் சுத்திசெய்யும் கருவியொன்றையும் அனுப்புமாறு கேட்டு, தாம் பிலடெல்பியாவிற்கு விரைவில் வருதற்கு வழியில்லையென்றும் அதிற் குறித்திருந்தார். அக்கடிதம் பேக்கர் கையைச் சேரவில்லை. ஆங்கிலேயர் அதனை இடைமறித்துக் கைப்பற்றினர். நியூயார்க் நகரிலிருந்த ஆங்கிலச் சேனாதிபதி கிளின்டனிடம் அது சேர்ந்தது. அவருடைய காகிதங்களோடு இன்றும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளெமென்ட்ஸ் நூலகத்தில் அஃது இருக்கின்றது.

பல்லிற்காக எழுதிய அக்கடிதத்தைப் படித்தோர்க்கு வாஷிங்டன் நியூயார்க்கைச் சூழ்ந்தே கிடப்பார், தெற்கே செல்லார் என்னும் எண்ணமே உண்டாகும். கிளின்டனது எண்ணமும் அதுவே. உண்மையில், மூன்று மாதம் கழித்து ஆகஸ்டு 30-ஆம் நாள் வாஷிங்டன் பிலடெல்பியாவிலேயே இருந்தார். அவர் படை தென்றிசை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. அக்டோபர் 19-இல் யார்க்டவுனில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸின் சேனை ஆயுதங்களைக் கீழே வைத்தது. பல் ஒன்றே அப்போரை வென்றதென்று கதை கட்டுவோரும் உளர், அது மிகையுரை. பிரெஞ்சுக் கடற்படை வாராதிருந்தால் பல்லும் கடிதமும் என்செய்யும்? இவ்விடத்து ஒன்று கூறுதல் தவறாகாது. அங்கே தோற்ற அந்தக் கார்ன்வாலிஸே 1786-இல் கவர்னர் ஜெனரலாக நம் நாட்டிற்கு அனுப்பப்பட்டவர். திப்பு சுல்தானோடு பொருது 1792-இல் திண்டுக்கல்லையும் சேலத்துப் பாராமகாலையும் கம்பெனியார்க்குச் சேர்த்தவர். அங்கே இழந்ததை இங்கே ஈடுசெய்தனர் போலும்!

1782-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று, பாசறையிலிருந்தபடியே தம் பண்ணையைக் கவனித்துவந்த உறவினர் லண்ட் வாஷிங்டனுக்கு அவர் எழுதிய கடிதத்திலும் பல்லின் பேச்சு வருகின்றது. தம் படிப்பறை மேசையின் அறையொன்றில் இரண்டு சிறு முன்பற்கள் இருக்குமென்றும், அவற்றைக் கவனமாகச் சுற்றித் தமக்கு அனுப்பவேண்டுமென்றும் கேட்டிருந்தார். பிடுங்கிய பற்களையும் எறியாது பொன்போற் காத்துவைத்தார். மீண்டும் கம்பியிற் கோத்துக்கொள்ள அவை உதவும். ஒரு தேசத்தின் விடுதலையைத் தோள்மேற் சுமந்த சேனாதிபதி, மேசையறையிற் கிடக்கும் இரண்டு பற்களை நினைந்து எழுதுவதைக் கற்பனை செய்யின், நமக்கு நகைப்பு வருவதில்லை.

அவர் நோயினும் வெட்கமே அவரை மிகுதியும் வருத்தியது என்று நாம் கருதுகின்றோம். 1783 மார்ச் மாதத்தில், சம்பளம் பெறாது குமுறிய படைத் தலைவர்களை நியூபர்க் பாசறையில் அமைதிப்படுத்த அவர் பேசினார். கடிதமொன்றைப் படிக்கத் தொடங்கித் தடுமாறி, அதுகாறும் பிறர் பலரும் கண்டிராத மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையினின்று எடுத்து அணிந்து, தேசத்தின் ஊழியத்தில் தம் கண்ணும் மங்கியதை எளிமையாய்க் கூறினார். கேட்டோர் கண்ணீர் விட்டனர், கலகம் ஒழிந்தது. கண்ணின் குறையை இவ்வாறு சபையில் வெளியிட்ட அவரே, பல்லின் குறையை ஒருபோதும் வெளியிட்டாரில்லை. அதே ஆண்டில் புதியதொரு பல் வைத்தியரைப்பற்றி விசாரிக்கும்போதும், இச்செய்தி ஊரார் பேச்சுக்கு இடமாகலாகாதென்றே நண்பர்க்கு எச்சரித்தார். கண்ணாடி கற்றோர்க்கு அணி. பொக்கைவாயோ எங்கும் நகைப்புக்கு இடம்.

அப்புதிய வைத்தியர் ழான் பியேர் லெ மாயேர் என்னும் பிரெஞ்சுக்காரர். நியூயார்க்கில் ஆங்கிலத் தளபதிகளுக்குச் சிகிச்சை செய்திருந்து, பின்னர் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தவர். ஒருவர் வாயினின்று பிடுங்கிய நல்ல பல்லை மற்றொருவர் ஈற்றின் பள்ளத்தில் உடனே ஊன்றும் முறையில் அவர் பெயர் பெற்றவர். இலண்டன் நகரத்துப் பேரறிஞர் ஜான் ஹண்டர் ஆதரித்தமையால் அம்முறை அந்நாளிற் பெரிதும் பரவியிருந்தது. ஊன்றிய பல் சில காலம் நிற்கும், பின்னர் உதிரும், சிலபோது தந்தவரது நோயும் உடன் வந்து சேரும். வாஷிங்டனுக்கே இம்முறையின் பயனைப்பற்றி ஐயமிருந்ததென்பது 1784-இல் அவர் எழுதிய கடிதத்தால் விளங்குகின்றது.

பல்லை ஊன்றுவதற்கு முதலிற் பல் வேண்டுமன்றோ? லெ மாயேர் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தார். நல்ல முன்பல் விற்போர்க்குப் பல் ஒன்றிற்கு இரண்டு கினி, அஃதாவது 42 ஷில்லிங், தருவதாக அதிற் கண்டிருந்தது. ஏழையர் தம் பல்லை விற்றுப் பசி தணித்தனர். அடிமைகளின் பற்களுக்கு மாத்திரம் இவ்விலை இல்லையென்றும் அவ்விளம்பரத்திற் குறிக்கப்பட்டிருந்தது.

இனி மௌண்ட் வெர்னன் என்னும் வாஷிங்டனது பண்ணையின் கணக்கேட்டைப் பார்ப்போம். 1784-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதில் ஒரு வரி எழுதப்பட்டுள்ளது. வைத்தியர் லெ மாயேரின் பொருட்டு, கறுப்பு மக்களிடம் 9 பற்கள் வாங்கியதற்காக 6 பவுன் 2 ஷில்லிங் கொடுக்கப்பட்டது. 122 ஷில்லிங். பகுத்துப் பார்ப்பின் பல் ஒன்றிற்குப் பதின்மூன்றரை ஷில்லிங் அளவே வரும். வெளியே விளம்பரம் செய்த விலையில் அது மூன்றிலொரு பங்குக்கும் குறைவு.

அவ்வரியில் ஒருவர் பெயரும் இல்லை. ஒன்பது பற்கள் ஒன்பதின்மருடையனவோ, ஒருவர் வாயினின்றே சில எடுக்கப்பட்டனவோ, அஃதும் எழுதப்படவில்லை. குதிரையின் லாடத்திற்கும் கோதுமை மூட்டைக்கும் கணக்கெழுதிய அதே ஏட்டில், அதே மையால் அவ்வரியும் எழுதப்பட்டது. நோவு மறக்கும் மருந்தில்லாத காலத்தில் கெடாத பல்லைக் குறட்டாற் பிடித்து இழுப்பது எத்தகைய வேதனையென்பதை, ஆடும் பல்லைப் பிடுங்கிக்கொண்டு அழுதவரே சிறிது அறிவர். விலை கொடுத்தாரே, அக்காலத்தில் அதுவும் பெரிதன்றோ என்று சிலர் கேட்பர். வர்ஜீனியச் சட்டப்படி உடையவர் கேட்டதை மறுக்கும் உரிமை அம்மக்களுக்கு இல்லை. மறுக்க இயலாதவனிடம் கொள்வதை வாணிகமென்று சொல்ல நம் மனம் இசைவதில்லை. அவ்வாண்டுக் கோடையில் லெ மாயேர் மௌண்ட் வெர்னனுக்கு விருந்தினராய் வந்து, வீட்டுத் தலைவியின் சிறு பேரனுக்கு விளையாட்டுக் குதிரையொன்று பரிசளித்தார். அவரும் கொடியவரல்லர்; குழந்தைகளிடத்து அன்புடையவரே. இதுவே நம்மை மிகவும் சிந்திக்கச் செய்வது.

1789-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் நியூயார்க் நகரில் வாஷிங்டன் ஜனாதிபதியாய்ப் பிரமாணம் செய்தபோது அவர்க்கு வயது 57. வாயில் எஞ்சிய சொந்தப் பல் ஒன்றே. கீழ்த்தாடையில் நின்ற ஒரு சிறு கடைவாய்ப் பல் அது. அவ்வாண்டிலேயே ஜான் கிரீன்வுட் என்னும் பல் வைத்தியர் அவர்க்குப் புதிய பல்வரிசையொன்று செய்தார். இக்கிரீன்வுட் பதினைந்தாம் வயதில் குழலூதும் சிறுவனாய்ப் போரிற் சேர்ந்தவர். தாயாரது நூல் நூற்கும் இராட்டையை மாற்றியமைத்து, காலால் மிதித்துச் சுழற்றும் பல் துளைக்கருவி ஆக்கிய சதுரர். வாஷிங்டனது வைத்தியருள் இவரே சிறந்தவரென்பது நம் துணிபு.

அவர் பல்வரிசை செய்யத் தேர்ந்த பொருள் நீர்யானைத் தந்தம். நம் கல்லூரியில் விலங்கு நூல் பயிலும் நண்பர்கள் அதன் இயல்பை நம்மினும் நன்கறிவர். யானைத் தந்தத்தினும் கெட்டியும் வெண்மையும் உடையது. மேலுள்ள கடினமான ஓட்டை நீக்கி உள்ளே உள்ளதைச் செதுக்குவர். கீழ்த்தாடைக்கு உரிய துண்டிலே, எஞ்சிநின்ற அந்த ஒற்றைப் பல் நுழைந்து நிற்குமாறு கிரீன்வுட் ஒரு துளை விட்டார். தந்தத்தின்மேல் மனிதப் பற்களைப் பதித்தார். தாம் செய்ததென்பதையும் ஆண்டையும் அதிற் பொறித்துவைத்தார். மேல்வரிசை விழாது நிற்பதற்கு வேறு சூழ்ச்சி வேண்டும். பிரெஞ்சு நாட்டில் பியேர் போஷார் என்பவர் 1728-இல் வெளியிட்ட பெருநூலில் விவரித்தபடி, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் பின்புறத்தில் சுருள்வில்லால் இணைப்பர். வில் எப்போதும் இரண்டையும் அகலத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே வாயை மூடியிருக்க வேண்டுமாயின், அணிந்தவர் தாடைகளை இடையறாது அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். சற்று அயர்ந்தால் வாய் தானே திறந்துவிடும். அவர் படங்களிற் காணும் இறுகிய உதடும் கடுகடுத்த முகமும் உறுதியான உள்ளத்தின் குறியென்று வியந்து எழுதினோர் பலர். அவர் உள்ளம் உறுதியுடையதுதான். உதட்டின் இறுக்கத்திற் சுருள்வில்லுக்கும் பங்குண்டு. ஒரு டாலர்த் தாளில் இன்றும் காணும் அவர் முகத்திற்கு மூலமாகிய படத்தைக் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் எழுதினார். அதில் வாயைச் சுற்றிலும் புடைத்திருப்பதை யாவரும் காணலாம்.

பல் போனால் சொல் போம் என்பது நம் பழமொழி. பெனிசில்வேனியாவின் செனட்டராகிய வில்லியம் மக்லே என்பார் 1791-இல் ஜனாதிபதியோடு விருந்துண்டு வந்து தம் நாட்குறிப்பில் எழுதியது இதற்குச் சான்று. வாஷிங்டனது முகம் வெளிறியிருந்ததென்றும், குரல் வெறுமையாயும் தெளிவின்றியும் ஒலித்ததென்றும், மேல்வாயின் பொய்ப்பற்களே அதற்குக் காரணமெனத் தாம் எண்ணுவதாகவும் அவர் குறித்தார். 1793-இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது வாஷிங்டன் ஆற்றிய உரையில் 135 சொற்களே இருந்தன. அமெரிக்க ஜனாதிபதிகளின் பதவியேற்புரைகளில் அதனினும் சுருங்கியது வேறில்லை. 1796-இல் பதவியினின்று விலகுங்கால் நாட்டாருக்கு அவர் கூறிய புகழ்பெற்ற விடைமொழியும் மேடையிற் பேசப்படவில்லை, செய்தித்தாளில் அச்சிடப்பட்டது. பல்லே இவற்றிற்கெல்லாம் காரணமென்று நாம் சாதிக்கமாட்டோம்; அவர் இளமைதொட்டே சொற்சுருக்கம் உடையவர். ஆயினும், வாய் திறக்குந்தோறும் வரிசை நழுவுமோ என்னும் அச்சம் ஒருவரை நாவலராக்காது என்பது ஒருதலை. பதவிக்காலத்திலும் வலி விடவில்லை. 1790 ஜனவரியில் பல்வலியும் ஈற்று வீக்கமும் தம்மை வருத்துவதைத் தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். உலகம் போற்றும் அரசாங்கம் ஒன்று உருவாகிய அந்நாட்களில், அதன் தலைவர் தாடை வீங்கி அறையில் கிடந்தார்.

அந்த ஒற்றைப் பல்லும் 1796-இல் கிரீன்வுட்டின் குறட்டிற்கு இரையாயிற்று. அதனை வாஷிங்டன் அவர்க்கே அளித்தார். அவர் சிறு பேழையொன்றில் அடைத்துத் தம் கடிகாரச் சங்கிலியோடு கோத்துக்கொண்டார். இனி நங்கூரமென்று சொல்ல வாயில் ஒன்றுமில்லை. தலைநகர் பிலடெல்பியாவிற்கு மாறியபின் வைத்தியர் நியூயார்க்கிலேயே இருந்தமையால், பழுதுபட்ட பல்வரிசைகள் தபாலிற் போய் வரலாயின. 1798 டிசம்பரில் வாஷிங்டன் எழுதிய கடிதங்களில், அவை உதட்டை முன்தள்ளி வீங்கியதுபோற் காட்டுகின்றன என்றும், இனிச் செய்வன அவ்வாறு இருத்தலாகாதென்றும் மன்றாடுகின்றார். கிரீன்வுட் எழுதிய மறுமொழி மருத்துவர்க்கே உரிய கண்டிப்புடையது. அனுப்பிய பற்கள் மிகவும் கறுத்திருக்கின்றன. போர்ட் மதுவில் ஊறவைத்ததாலோ அம்மதுவை அருந்தியதாலோ அப்படியாயிற்று. உணவுண்டபின் கழற்றித் தூய நீரில் இடவேண்டும். தூரிகையும் சுண்ணப்பொடியும் கொண்டு துலக்கவேண்டும். தந்தம் உயிரற்ற பொருள். உமிழ்நீரையும் மதுவையும் உறிஞ்சிக் கறுக்கும், நாறும், வெடிக்கும். கறுத்த தந்தத்தில் ஓடிய மயிரிழை போன்ற வெடிப்புகள் மரத்தின் இழைபோலத் தோன்றியமையே மரப்பல் கதைக்கு வித்தாயிற்றென்று கருதப்படுகின்றது. அழுகாத பீங்கான் பற்கள் பாரிஸ் நகரில் அப்பொழுதே தோன்றியிருந்தன. அவை அவர்க்கு எட்டவில்லை. எளியோரும் வாங்கத்தக்க ரப்பர் அடிப்பலகைப் பற்கள் வந்தது அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து.

1799 ஜூலை மாதத்தில் வாஷிங்டன் தம் உயிலைத் தம் கையாலேயே எழுதினார். தமக்குச் சொந்தமான 123 அடிமைகளும் தம் மனைவியின் காலத்திற்குப்பின் விடுதலை பெறவேண்டும் என்றும், போர் முழுவதும் தம்மருகிருந்து ஊழியம் செய்த வில்லியம் லீ என்பவர் உடனே விடுதலையும் ஆண்டுதோறும் 30 டாலரும் பெறவேண்டும் என்றும் அதில் விதித்தார். அந்நாட்டை நிறுவியோருட் பலர் செய்யாத செயல் அது. அதற்குரிய பெருமையை நாம் குறைக்கமாட்டோம். மனைவியின் முதற் கணவர் குடும்பச் சொத்தாய் வந்த ஏனையோர்க்கு அவ்வுயில் செல்லாது. அவர்கள் அடிமைகளாகவே பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டனர். டிசம்பர் 12-இல் பனியும் மழையும் பெய்யக் குதிரைமேற் சென்று பண்ணையைச் சுற்றி வந்தவர்க்குத் தொண்டை அடைத்தது. வைத்தியர் மூவர் கூடினர். அக்கால முறைப்படி மீண்டும் மீண்டும் இரத்தம் வாங்கினர். 14-ஆம் நாள் இரவு அவர் உயிர் பிரிந்தது. விதவையாகிய மார்த்தா அம்மையார் தம் காலம் முடியுமளவும் காத்திராது, 1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர்களுள் எஞ்சியோர்க்கு விடுதலை அளித்தார்.

அவர் கடைசிப் பல்லும், அதற்குத் துளைவிட்ட 1789-ஆம் ஆண்டுப் பல்வரிசையும் நியூயார்க் மருத்துவக் கழகத்தாரிடம் சேர்ந்தன. மேலும் கீழும் குறைவின்றி எஞ்சியுள்ள முழு வரிசை ஒன்றே. அது மௌண்ட் வெர்னனில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டுள்ளது. கனத்த ஈயத்தாலாகிய அடிப்பாகம். அதன் இருபுறத்தும் சுருள்வில். பசுவின் பற்களும் குதிரையின் பற்களும் தந்தத் துண்டுகளும் அதில் வரிசையாய்ப் பதிந்துள்ளன. அவற்றினிடையே மனிதப் பற்களும் உள்ளன. அவை எவருடையன என்பதற்குப் பெட்டியருகே பெயர் ஒன்றும் எழுதுவதற்கில்லை.